வந்து இறங்குற நாள்

உக்காருங்க, ஜன்னல் பக்கமே உக்காருங்க. எனக்குக் காத்து அடிச்சா தலை வலிக்கும். கரூர் வரைக்கும்தானே? நானும் அங்கதான். பையை மேல வைக்காதீங்க, மடியிலேயே வச்சுக்குங்க. மேல வச்சா இறங்கறப்ப மறந்துரும்.

தப்பா நினைக்காதீங்க, சொல்லிச் சொல்லிப் பழகிப் போச்சு. நான் கரூர்ல ஒரு கல்யாண மண்டபத்துல மேனேஜரா இருக்கேன். பதினாறு வருஷம் ஆச்சு. பேரு செல்வநாயகி. ஒரு முகூர்த்தத்துக்கு ஆயிரம் பேர் வந்தாலும் நான் ஒருத்தி நின்னு சமாளிச்சிருவேன்.

கண்ணு ஏன் இப்படி வீங்கியிருக்குன்னுதானே பாக்கறீங்க. முசிறியில என் தம்பி பொண்டாட்டி இருக்கா. அவளைப் பாத்துட்டு வரேன். சும்மா பாக்கப் போகல, கூட்டிட்டு வரத்தான் போனேன். சொல்றேன் கேளுங்க. யார்கிட்டயாவது சொல்லணும் போல இருக்கு. சொந்தக்காரங்ககிட்ட சொன்னா ஆளுக்கு ஒரு பக்கம் பேசுவாங்க. நீங்க யாரோ. கேட்டுட்டு, யார் மேல தப்புன்னு நீங்களே சொல்லுங்க.

எனக்கு ஒரு தம்பி இருந்தான். இளம்பரிதின்னு பேரு, பரிதின்னுதான் கூப்பிடுவோம். பஸ் பாடி கட்டுற பட்டறையில வயரிங் வேலை. போன வருஷம் மூளைக்காய்ச்சல் வந்து ஆறே நாள்ல போயிட்டான். முப்பத்தொம்போது வயசு. அவன் பொண்டாட்டிதான் சுகந்தி. அவளுக்கு முப்பத்தி நாலு. ஒரே பொண்ணு, இனியா, ஒம்போது வயசு.

சுகந்தி மாதிரி ஒரு பொண்ணைப் பாக்க முடியாதுங்க. பெட்ஷீட் கம்பெனி ஒண்ணுல செக்கிங் வேலைக்குப் போயிட்டிருந்தா. பரிதி போனப்புறம் நான்தான் நிறுத்தினேன். நான் இருக்கேன், நீ எதுக்கு அலையணும், அம்மாவைப் பாத்துக்கிட்டு வீட்டோட இருன்னேன். "சரிங்க அண்ணி"ன்னா. வீட்டை மாத்தி எங்க தெருவுக்கே வந்துருன்னேன், "சரிங்க அண்ணி". குழந்தையை வேற ஸ்கூல் மாத்தலாம்னேன், "சரிங்க அண்ணி". எதுத்து ஒரு வார்த்தை வராது. தங்கம்.

ஆனா முகத்துல சிரிப்புன்னு ஒண்ணு இல்லீங்க. பதினாலு மாசமா இல்ல. தண்ணி எடுக்கறா, சமைக்கறா, அம்மாவுக்குக் கால் அமுக்கறா, பேசினா பதில் சொல்றா. ஆனா ஆள் அங்க இல்ல. எனக்கு மனசு கேக்கல. எப்படியாவது இவ ஒரு நாள் வாய் விட்டுச் சிரிக்கணும், அதை நான் கண்ணால பாக்கணும்னு நினைச்சேன். அதுக்காகத்தான் அந்த டூரே. இதை யார் கேட்டாலும் சொல்லுவேன், அவளுக்காகத்தான்.

எங்க போனோம்னா, கோயம்புத்தூர் தாண்டி ஒரு தீம் பார்க் இருக்கு. தண்ணி விளையாட்டு, ராட்டினம் எல்லாம் இருக்கு. அதுக்குள்ளயே ரிசார்ட்டும் இருக்கு, தங்கிக்கலாம். ரெண்டு நாள், ஒரு ராத்திரி. மொத்தம் பத்துப் பேர். நானு, எங்க வீட்டுக்காரர், என் பொண்ணு ஓவியா. என் தங்கச்சி மஞ்சுளா, அவ புருஷன், ரெண்டு பசங்க. அப்புறம் எங்கம்மா, சுகந்தி, இனியா.

இதுல ஒண்ணு சொல்லணும். எந்தக் காரியத்துக்கும் வந்து இறங்குற நாள்தாங்க முக்கியம். மண்டபத்துல முதநாள் சாயந்தரம் மாப்பிள்ளை வீடு வந்து இறங்கும் பாருங்க, அந்த அரை மணி நேரம். யாருக்கு எந்த ரூம், சாவி யார் கையில, காபி வந்துச்சா, பாத்ரூம்ல பக்கெட் இருக்கா. அந்த அரை மணி நேரம் சரியாப் போயிருச்சுன்னா தாலி கட்டுற வரைக்கும் ஒரு சண்டை வராது. அது சொதப்புச்சுன்னா மறுநாள் பந்தியில அப்பளத்துக்கு அடிச்சுக்குவாங்க. அதனால டூருக்கும் ரெண்டாவது நாளை விட்டுட்டேன். எப்படியோ போகட்டும். முத நாளைத்தான் மூணு வாரம் உக்காந்து போட்டேன்.

சிக்கல் என்னன்னா, வண்டி ஒம்போதேகாலுக்குப் போய்ச் சேரும். ரூம் மதியம் ரெண்டு மணிக்குத்தான் தருவாங்க. ரிசப்ஷன்ல இருக்கற பொண்ணுக்கு எத்தனை தடவை போன் பண்ணேன்னு கணக்கே இல்ல. "மேடம், ரூம் ரெண்டு மணிக்குத்தான். ஆனா நீங்க வந்ததும் பையெல்லாம் எங்ககிட்டக் குடுத்து டோக்கன் வாங்கிக்கலாம், நேரா பார்க்குக்குள்ள போயிரலாம்"ங்கறா. சின்னப் பொண்ணு, அதுக்கு என்ன தெரியும். டோக்கன் போட்டு வச்ச பை எத்தனை மாறிப் போயிருக்குன்னு எனக்குல்ல தெரியும். ஒரு கல்யாணத்துல பட்டுப்புடவை வச்ச பை மாறி, பொண்ணோட அத்தை மேடையிலயே அழுதாங்க. அதனால டோக்கன் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன். ஒம்போதேகால்ல இருந்து ரெண்டு மணி வரைக்கும் பையைப் பாத்துக்க நம்ம ஆளே ஒருத்தர் இருக்கணும்.

ஒரு பேப்பர்ல கட்டம் போட்டு எழுதினேன். நேரம், என்ன வேலை, யார் பொறுப்பு. நாலே முக்கால் எழுந்திரிக்கறது. அஞ்சரை வண்டி. ஏழு மணிக்கு இட்லி, பொட்டலம் மஞ்சுளா பொறுப்பு. ஒம்போதேகால் இறங்கறது. ஒம்போதரை டிக்கெட். பத்துல இருந்து பதினொண்ணு சின்னப் பசங்க குளம். பதினொண்ணுல இருந்து பன்னெண்டு அலைக் குளம். பன்னெண்டுக்குப் பெரிய சறுக்கு. ஒரு மணிக்குச் சாப்பாடு. ரெண்டு மணிக்குச் சாவி, என் பொறுப்பு. பைகள், சுகந்தி பொறுப்பு.

அவகிட்டக் கேட்டீங்களாங்கறீங்களா? இதுல கேக்க என்னங்க இருக்கு. பேப்பரைப் போட்டோ எடுத்து குடும்ப வாட்ஸப் குரூப்ல போட்டேன். எல்லாரும் கட்டை விரல் போட்டாங்க. அவ "சரிங்க அண்ணி"ன்னு போட்டா.

டிக்கெட்டும் ரெண்டு விதம். தண்ணியில இறங்கறவங்களுக்குக் கையில ஒரு பட்டை கட்டி விடுவாங்க, அதைக் காட்டினா எல்லாத்துலயும் ஏறலாம். இறங்காதவங்களுக்குப் பார்வையாளர் சீட்டுன்னு ஒரு அட்டை. சும்மா உள்ள வந்து உக்காந்துக்கலாம். எட்டுப் பட்டை, ரெண்டு சீட்டு சொன்னேன். சீட்டு எங்கம்மாவுக்கும் சுகந்திக்கும். எங்கம்மாவுக்கு எழுபத்தொண்ணு, முட்டி வலி. சுகந்தி எப்படியும் இறங்க மாட்டா. எப்படித் தெரியும்னா, தெரியும்ங்க. அவ நிலைமையில யாரு இறங்குவாங்க. இறங்கினா நாலு பேர் என்ன சொல்லுவாங்க. அவளுக்குச் சங்கடம் வரக் கூடாதுன்னுதான் நானே முன்னால யோசிச்சு அப்படிச் சொன்னேன்.

ரூமும் யோசிச்சுத்தான் போட்டேன். எங்களுக்கு ஒண்ணு, மஞ்சுளா குடும்பத்துக்கு ஒண்ணு. அம்மா, சுகந்தி, இனியா ஒரு ரூம். ராத்திரி அம்மாவைப் பாத்ரூமுக்குக் கைபிடிச்சுக் கூட்டிட்டுப் போக ஆள் வேணுமே.

அன்னைக்குக் காலையில எல்லாம் கச்சிதமாப் போச்சுங்க. பத்து நிமிஷம் முன்னாடியே போய் இறங்கினோம். பாத்ரூம் போயிட்டு டிக்கெட் கவுண்டருக்குப் போனோம். ஒரு பொண்ணு வரிசையா ஒவ்வொருத்தர் கையிலயும் மஞ்சப் பட்டை கட்டிக்கிட்டே வந்தா. இனியாவுக்குக் கட்டினா. அடுத்து நின்ன சுகந்தியும் கையை நீட்டிட்டா. நான்தான், "அவங்களுக்கு இல்லம்மா, அவங்களுக்குச் சீட்டு"ன்னேன். சுகந்தி கையை இழுத்துக்கிட்டா. இனியா, "அம்மாவுக்கு ஏன் கட்டல அத்தை?"ன்னு கேட்டா. "அம்மா பையைப் பாத்துக்குவாங்க கண்ணு"ன்னேன். சின்னப் பிள்ளை, என்னத்தையாவது கேக்கும். அதோட விட்டுட்டேன்.

உள்ள ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். அதுக்கடியில ரெண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, பதினோரு பையையும் அடுக்கி, அம்மாவையும் சுகந்தியையும் உக்கார வச்சேன். நல்ல நிழல். குடிக்கத் தண்ணி, கொறிக்க முறுக்கு. அங்கிருந்து பாத்தா சறுக்கு, குளம் எல்லாம் தெரியும். வேடிக்கை பாத்துக்கிட்டே இருக்கலாம். எனக்கெல்லாம் அப்படி உக்கார யாரும் இடம் குடுத்ததில்ல. நான் ஒரு நிமிஷம்கூட உக்காரலங்க. ஓவியாவைக் காணோம், மஞ்சுளா புருஷன் அலைக் குளத்தை விட்டு ஏற மாட்டேங்கறார், ஒவ்வொருத்தரையா இழுத்துக்கிட்டு அடுத்த இடத்துக்கு ஓடணும். கையில பட்டை கட்டியிருந்தேனே தவிர, என் கால் விரல்கூட நனையல.

பன்னெண்டு மணிக்குப் பெரிய சறுக்கு. நாலு மாடி உயரம் இருக்கும். மேல இருந்து ரப்பர் டியூப்ல உக்கார வச்சுத் தள்ளி விடுவாங்க. ஒரு டியூப்ல ரெண்டு பேர். சின்னப் பிள்ளைங்க தனியாப் போகக் கூடாது, கூடப் பெரியவங்க ஒருத்தர் உக்காரணும். நான் முன்னாடியே ஜோடி போட்டிருந்தேன். எட்டுப் பேர், நாலு ஜோடி. எங்க வீட்டுக்காரரும் ஓவியாவும். மஞ்சுளாவும் அவ புருஷனும் ஆளுக்கு ஒரு பிள்ளையோட. இனியாவுக்கு ஜோடி நான்.

ஆனா பாருங்க, அந்த நேரம் பாத்துச் சாப்பாட்டுக் கவுண்டர்ல கூட்டம் சேர ஆரம்பிச்சிருச்சு. இப்பப் போய் நின்னாத்தான் ஒரு மணிக்குச் சாப்பிட முடியும். இனியாகிட்ட, "சாயந்தரம் நாம ரெண்டு பேரும் போலாம்டி கண்ணு, இப்ப நீ போய் அம்மாகிட்ட உக்காரு"ன்னேன். அது வரிசையில பாதி தூரம் போயிருந்துச்சு. மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு இறங்கிப் போச்சு. அழுதுச்சான்னு நான் பாக்கல. சாப்பாட்டு டோக்கன் வாங்க ஓடிட்டேன்.

டோக்கன் வாங்கி, பத்துப் பேருக்கு ஒரே மேசையா பிடிச்சு, ஆளுங்களைக் கூப்பிட மரத்தடிக்கு வந்தா, எங்கம்மா மட்டும் உக்காந்திருக்காங்க. சுகந்தியைக் காணோம், இனியாவைக் காணோம். பதினோரு பையும் அப்படியே கிடக்கு. ஒண்ணுகூடக் காணாமப் போகல, அது வேற விஷயம். ஆனா போயிருந்தா?

"எங்க அவ?"ன்னேன்.

"பட்டை வாங்கிட்டு வரேன்னு போனா"ன்னாங்க எங்கம்மா.

"என்ன பட்டை?"

"இனியா அழுதுச்சு. நான்தான் போடின்னேன். பிள்ளையக் கூட்டிட்டுப் போய் அந்த மேல இருந்து ஒரு தடவை வழுக்கி விழுந்துட்டு வா, பையை நான் பாத்துக்கறேன்னேன். பை என்ன, பறந்தா போகப் போகுது."

எங்கம்மாவுக்கு வயசாயிருச்சுங்க. யோசிக்காமப் பேசிருவாங்க. நான் திரும்பிப் பாத்தேன். சறுக்கு உச்சியில நிக்கறா. அங்க நூல் துணியோட தண்ணியில விட மாட்டாங்க, வாடகைக்கு ஒரு நைலான் டிரெஸ் தருவாங்க. கருநீலத்துல முழுக்கை, முழுக்கால். அதைப் போட்டுக்கிட்டு, தலைமுடியக் கொண்டையாப் போட்டுக்கிட்டு நிக்கறா. கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து அவளை நான் சேலையைத் தவிர வேற எதுலயும் பாத்ததில்ல. ஒரு நிமிஷம் வேற யாரோன்னு நினைச்சேன். முன்னால இனியா, பின்னால அவ. தள்ளி விட்டாங்க. சறுக்கு வளைஞ்சு வளைஞ்சு வருது. வாயைத் திறந்துக்கிட்டே வர்றா. கடைசி வளைவுல நல்லாவே தெரிஞ்சுச்சு, பல்லெல்லாம் தெரிய அப்படி ஒரு சிரிப்பு. கீழ தண்ணியில வந்து விழுந்து, கொண்டை அவுந்து, எழுந்திரிச்சு நின்னும் சிரிக்கறா. வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கறா.

எனக்கு என்ன ஆச்சுன்னு தெரியலங்க. உடம்பெல்லாம் பத்திக்கிட்டு வந்துச்சு. நேராப் போனேன். சுத்தி நூறு பேர் நிக்கறாங்க, எங்க வீட்டுக்காரர் நிக்கறார், மஞ்சுளா நிக்கறா. "என் தம்பி மண்ணுக்குள்ள கிடக்கான், நீ தண்ணிக்குள்ள ஆடிக்கிட்டு இருக்கியா"ன்னு கேட்டேன்.

அவ்வளவுதான் கேட்டேன். வேற ஒரு வார்த்தை சொல்லல. இல்ல, இன்னொண்ணும் சொன்னேன். "ஊரே பாக்குது, வெக்கமா இல்லையா"ன்னேன். ஊருன்னு நான் சொன்னது அங்க நின்னவங்களை. யாரோ எவரோ. அதுல ஒருத்தருக்கும் அவ யாருன்னே தெரியாது. அது எனக்கு அப்புறம்தான் உறைச்சுது.

அவ சிரிப்பு நின்னுச்சு. விளக்கை அணைச்ச மாதிரின்னு சொல்லுவாங்கல்ல, அப்படி இல்ல. கொஞ்சம் கொஞ்சமா நின்னுச்சு. அதைத்தான் என்னால மறக்க முடியல. இனியா கையைப் பிடிச்சுக்கிட்டு வெளிய வந்தா, அதுக்குத் துண்டைப் போத்தி விட்டா, துணி மாத்தற ரூம் பக்கம் போயிட்டா.

நாங்க சாப்பிடப் போனோம், அம்மா மட்டும் பையை விட்டு வரலேன்னு மரத்தடியிலயே இருந்துட்டாங்க. சாப்பிட வரலேன்னா வராம இருக்கட்டும், கோபம் ஆறினா வருவான்னு விட்டுட்டேன். மஞ்சுளா, "அக்கா, நீ பேசினது ரொம்ப அதிகம்"ன்னா. எங்க வீட்டுக்காரர் சோத்துல விரலை வச்சுக்கிட்டே உக்காந்திருந்தார். ரெண்டு மணிக்குச் சாவி வாங்கினேன். சுகந்தி ரூமைத் திறந்து வச்சு, ஃபேன், தண்ணி எல்லாம் பாத்துட்டு அம்மாவைக் கூட்டிட்டு வரப் போனேன். அம்மா, "அவ போயிட்டா செல்வி"ன்னாங்க.

"எங்க?"

"ஊருக்கு. முசிறிக்கு, அவ அம்மா வீட்டுக்கு. இனியா பையை எடுத்துக்கிட்டா. என் காலைத் தொட்டுட்டுப் போனா. ஒம்போது மணிக்கு ரத்தக்கொதிப்பு மாத்திரையை மறந்துராதீங்க அத்தைன்னு சொல்லிட்டுப் போனா."

"நீ தடுக்கலையா?"

எங்கம்மா என்னைப் பாத்தாங்க பாருங்க. "நான் எதுக்குத் தடுக்கணும்?"ன்னாங்க. அப்புறம் அன்னைக்கு முழுக்க என்கூடப் பேசல.

போன் போட்டேன். எடுக்கல. ஆட்டோ பிடிச்சு, பஸ் மாறி, ஒத்தைப் பொம்பளையா பிள்ளையக் கூட்டிக்கிட்டு அத்தனை தூரம். ராத்திரி ஒம்போதரைக்கு, "வீட்டுக்கு வந்துட்டோம்"னு மஞ்சுளாவுக்கு மெசேஜ் போட்டிருக்கா. எனக்கு இல்ல. மறுநாள் காலையிலயே எல்லாரும் கிளம்பிட்டோம்.

அதுக்கப்புறம் இருபத்தி மூணு நாள். அவ கரூருக்கு வரவே இல்ல. அண்ணனை அனுப்பி இனியாவோட டிசியை வாங்கிட்டுப் போயிட்டா. அம்மா சரியாச் சாப்பிடறதில்ல. மஞ்சுளா நேத்து போன்ல, "நீயே போய்க் கூப்பிடு"ன்னா. எனக்கும் தோணுச்சு. பெரியவ நான்தான், நான்தான் இறங்கிப் போகணும். நான் எதையும் மனசுல வச்சுக்கலன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்துரலாம்னு இன்னைக்கு ஞாயித்துக்கிழமையாப் பாத்துக் கிளம்பிட்டேன்.

இது எந்த ஊரு? மாயனூரா? இன்னும் நேரம் இருக்கு.

போனேன். வாங்க அண்ணின்னா. முகத்தைத் திருப்பிக்கல, அதைச் சொல்லணும். தண்ணி குடுத்தா. அவங்க அம்மாவும் அண்ணனும் ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தாங்க, வீட்ல அவளும் பிள்ளையும்தான். சேலை கட்டல, சுடிதார் போட்டிருந்தா. பக்கத்துல ஒரு மெடிக்கல் ஷாப்புல பில் போடற வேலைக்குப் போறாளாம். நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். "நடந்தது நடந்துருச்சு, நான் எதையும் மனசுல வச்சுக்கல. துணியை எடுத்து வை, சாயந்தரம் போயிரலாம்"னேன்.

"நான் வரலங்க அண்ணி"ன்னா.

அவ வாயில இருந்து அப்படி ஒரு வார்த்தை நான் கேட்டதே இல்ல. "நான் திட்டினதுக்காகவா?"ன்னேன்.

"திட்டினதுக்காக இல்லீங்க. அதுக்கு முன்னாடி மூணு மணி நேரம் அந்த மரத்தடியில உக்காந்திருந்தேன். கையில அந்தச் சீட்டு. பார்வையாளர்னு போட்டிருந்துச்சு. அதையே பாத்துக்கிட்டு இருந்தேன்."

"சீட்டுல என்னடி இருக்கு. அவங்க ஏதோ அப்படி அச்சடிச்சு வச்சிருக்காங்க."

"ஆமாங்க அண்ணி"ன்னா. "அத்தையைப் பாக்க மாசத்துக்கு ஒரு தடவை வரேன். இனியாவை லீவுக்கு அனுப்பறேன். ஆனா அங்க வந்து இருக்க மாட்டேன். நீங்க நல்லதுதான் செஞ்சீங்க, நான் இல்லைன்னு சொல்லல."

சொல்லிட்டுக் குழம்பு கொதிக்குதுன்னு உள்ள போயிட்டா. எனக்குக் கோபம் வந்துச்சு. நல்லதுதான் செஞ்சீங்கன்னு சொல்லிக்கிட்டே வர மாட்டேன்னா என்னங்க அர்த்தம். என்ன குறை வச்சேன் நான்.

அப்பத்தான் இனியா வந்து பக்கத்துல உக்காந்துச்சு. என் மேல அதுக்குக் கோபம் ஒண்ணும் இல்ல. சாஞ்சுக்கிச்சு. நான் அதுகிட்ட, மெதுவாத்தான் கேட்டேன், "ஏன்டி, உங்கம்மா அன்னைக்கு அப்படிச் சிரிச்சாளே, உனக்கு அப்பா ஞாபகமே வரலையா?"ன்னு. பிள்ளைகிட்டக் கேக்கக் கூடாததுதான். கேட்டுட்டேன்.

அது என்னைப் பாத்துச்சு. "அம்மா முதல்ல சிரிக்கல அத்தை"ன்னுச்சு.

"பின்ன?"

"அப்பாவைக் கூப்பிட்டாங்க. மேல இருந்து தள்ளி விட்டதும் அப்பா பேரைச் சொல்லிக் கத்தினாங்க. கடைசி வரைக்கும் கத்திக்கிட்டே வந்தாங்க. என் காதுகிட்டயே. கீழ வந்தப்புறம்தான் சிரிச்சாங்க."

கீழ நின்ன எனக்கு அது கேக்கலீங்க. தண்ணி சத்தம், பாட்டுச் சத்தம். வாய் திறந்திருந்ததைத்தான் பாத்தேன்.

"எப்படிக் கத்தினாங்க?"ன்னேன். ஏன் கேட்டேன்னு தெரியல. அது எழுந்து நின்னு, மூச்சை இழுத்து, "பரிதீ"ன்னு வீடே அதிர்ற மாதிரி கத்துச்சு. சுகந்தி கரண்டியோட ஓடி வந்தா. வாசல்படியில அப்படியே நின்னுட்டா.

பரிதி போன அன்னைக்கு யாராவது ஒருத்தர் நின்னு பாக்கணும் இல்லீங்களா. பந்தல் போடணும், ஐஸ் பெட்டி வரணும், வெளியூர்க்காரங்களுக்குக் காபி குடுக்கணும். நான் பாத்தேன். சுகந்தி நெஞ்சுல அடிச்சுக்கிட்டு அழுதா. மஞ்சுளா மயக்கம் போட்டு விழுந்தா. அம்மாவை நாலு பேர் பிடிச்சுக்கிட்டாங்க. நான் நாற்காலி பத்தலைன்னு மண்டபத்துக்குப் போன் பண்ணிக்கிட்டு இருந்தேன். செல்வி எவ்வளவு தைரியம் பாருன்னு எல்லாரும் சொன்னாங்க. எனக்கும் அது பெருமையாத்தான் இருந்துச்சு. என்னைவிட எட்டு வயசு சின்னவன். நான் இடுப்புல தூக்கி வளத்த பிள்ளை. அவன் பேரைச் சொல்லி நான் ஒரு தடவைகூடக் கத்தினதில்ல.

எழுந்து செருப்பைத் தேடினேன். "சாப்பிடாம எங்க அண்ணி கிளம்பறீங்க?"ன்னா. மூணு மணிக்கு ஒரு பஸ் இருக்கு, அதைப் பிடிக்கணும்னேன். "நாலரைக்கும் ஒண்ணு இருக்கு. உக்காருங்க"ன்னா. என் தோளைப் பிடிச்சு உக்கார வச்சா. கரண்டியை ஓரமா வச்சுட்டு அவளும் பக்கத்துல உக்காந்தா. நான் பரிதின்னு சொல்லிப் பாத்தேன். முதல்ல சத்தமே வரல. அப்புறம் வந்துச்சு.

மூணு மணி பஸ் போயிருச்சு. அந்த நாலரை பஸ்தாங்க இது.